மகஜரும் பாரமும்

அப்பா விட்டுச்சென்ற தகரப் பெட்டியில், அவருடைய சங்க அட்டைக்கும் பழைய சம்பளச் சீட்டுகளுக்கும் அடியில், ஒரு மகஜரின், அதாவது கோரிக்கை மனுவின், நகல் இருக்கிறது. மொத்தம் நான்கு பக்கங்கள். முதல் இரண்டு பக்கங்கள் மலாய் மொழியில் தட்டச்சு செய்யப்பட்டவை. அடுத்த இரண்டில் தோட்டத்து மக்கள் எழுபத்து மூன்று பேர் கையொப்பமிட்டிருக்கிறார்கள், அவற்றில் பதினொன்று கைநாட்டு. முதல் பக்கத்தின் வலது மூலையில் ஊதா மையில் ‘டிதெரிமா’ என்ற முத்திரையும், அதன் கீழே 1996 ஆம் ஆண்டின் ஒரு தேதியும், யாரோ ஓர் அலுவலரின் சுருக்கொப்பமும் உள்ளன. பெற்றுக்கொண்டோம் என்பது அந்தச் சொல்லின் பொருள். எங்கள் தோட்டத்துக்கு அரசாங்கத்திடமிருந்து கிடைத்த ஒரே பதில் அந்த முத்திரைதான்.

தோட்டம் சிலாங்கூரில், கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தது. பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள். பின்னர் செம்பனையையும் அழித்துவிட்டு வீடமைப்புத் திட்டம் வரப்போவதாகக் கிராணி (தோட்ட எழுத்தர்) மூலம் செய்தி வந்தது. மூன்று தலைமுறையாக லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) குடியிருந்தவர்களுக்கு மாற்று வீடு வேண்டும், கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் அங்கேயே நிலம் ஒதுக்க வேண்டும் என்பதுதான் மகஜரின் சாரம். அப்பாவும் இன்னும் ஐந்து பேரும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை அணிந்து, பேருந்து ஏறிப் போய் அதைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அதிகாரி மரியாதையாகப் பேசினார், உட்காரச் சொன்னார், தேநீர் கொடுத்தார் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து லயம் இடிக்கப்பட்டது. ஆளுக்குச் சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதன்பின் நான் கோலாலம்பூருக்கு வந்து, ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, நில விவகாரக் கோப்புகளைக் கையாளத் தொடங்கினேன். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற வேண்டுமென்றால் நிலச் சட்டத்தின்படி விண்ணப்பம் போட வேண்டும். அதற்குப் பாரம் (விண்ணப்பப் படிவம்) உண்டு, கட்டணம் உண்டு, ரசீது உண்டு, கோப்பு எண் உண்டு. கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்து மாநில அரசாங்கத்தின் முடிவுக்குப் போகும். அந்த முடிவு விண்ணப்பித்தவருக்கு எழுத்து மூலம் வரும். அப்படிப்பட்ட ஒரு கோப்பை முதன்முதலாக என் கையால் கட்டிக்கொண்டிருந்த நாளில்தான், அப்பா மகஜர் கொடுத்த காலத்திலேயே தோட்ட உரிமையாளரின் விண்ணப்பமும் எங்கோ ஓர் அலுவலக மேசையில் நகர்ந்துகொண்டிருந்திருக்கும் என்பது எனக்கு உறைத்தது. ஒரு தாளுக்கு முடிவு சொல்ல வேண்டிய கடமை அரசாங்கத்துக்கு இருந்தது. மற்றொரு தாளுக்கு அப்படி எந்தக் கடமையும் இல்லை. தேநீர் கொடுத்த அந்த அதிகாரி கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் தாளை வைப்பதற்கு அவரிடம் ஒரு கோப்பு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அழுத்தக் குழுக்களும் மக்கள் இயக்கங்களும் அரசாங்கத்தின் கொள்கையை எப்படி மாற்றுகின்றன என்பதை நான் இதுநாள்வரை இந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தே யோசித்து வந்திருக்கிறேன். கூட்டம் எவ்வளவு பெரியது, கோரிக்கை எவ்வளவு நியாயமானது என்பவை முக்கியம்தான். ஆனால் அரசாங்கம் பதில் சொல்லியே தீர வேண்டிய ஓர் இடத்தில் கோரிக்கை போய் உட்கார்ந்தால்தான் அது நகர்கிறது. அந்த இடம் எது என்பது முதலாளிமார் சங்கங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் சொல்லித்தர வழக்கறிஞரும் கணக்காய்வாளரும் அவர்களிடம் இருக்கிறார்கள். நம் மக்களுக்கு அது தெரியவருவதற்குள் லயம் இடிந்துவிடுகிறது.

நான் அறிந்தவரை இதற்குச் சிறந்த சான்று குறைந்தபட்சச் சம்பளம். தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்கு அதன் முன்கதையைச் சொல்ல வேண்டியதில்லை. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் தோட்ட முதலாளிகளின் அமைப்பான மாப்பாவும் பேசி முடிக்கும் ஒப்பந்தம்தான் எங்கள் வீட்டு அடுப்பைத் தீர்மானித்தது. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குக் கூலி இல்லை. ரப்பர் விலை இறங்கினால் எங்கள் வீட்டுக் கடைக்கணக்கு ஏறும். மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை என் தாத்தா காலத்திலிருந்தே ஒலித்துக்கொண்டிருந்தது. மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசும், பின்னர் தோட்டங்களிலும் தொழிற்பேட்டைகளிலும் வேலை செய்த இளைஞர் குழுக்களும், எல்லாத் தொழிலுக்கும் பொதுவான ஒரு குறைந்தபட்சத் தொகையைச் சட்டம் ஆக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டன. சிறு தொழில்கள் மூடப்படும், விலைவாசி ஏறும், அந்நியத் தொழிலாளர்கள் அனுப்பும் பணமாக அது நாட்டை விட்டுப் போகும் என்று மலேசிய முதலாளிமார் சம்மேளனம் பதில் வாதம் வைத்தது.

2011 ஆம் ஆண்டில் தேசிய சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் நிறைவேறியது. 2013 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் 900 வெள்ளி, சபா சரவாக்கில் 800 வெள்ளி என்ற முதல் ஆணை நடப்புக்கு வந்தது. எல்லோரும் அந்தத் தொகையைப் பற்றியே பேசினார்கள். என் கண்ணுக்கு அந்தச் சட்டத்தில் தொகையைவிடப் பெரியதாகத் தெரிந்தது வேறொன்று: இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது மன்றம் சம்பள ஆணையை மறுபரிசீலனை செய்தாக வேண்டும் என்ற விதி. அது ஒரு வரிதான். ஆனால் அதுவரை தொழிலாளர்கள் கேட்டால் மட்டுமே எழுந்த கேள்வி, அந்த வரிக்குப் பிறகு யாரும் கேட்காவிட்டாலும் நாள் குறித்து மேசைக்கு வரத் தொடங்கியது. மன்றத்தில் அரசாங்க அதிகாரிகளோடு முதலாளிகளின் பிரதிநிதிகளும் தொழிலாளர்களின் பிரதிநிதிகளும் எதிரெதிரே உட்கார வேண்டியதாயிற்று. 2016 ஜூலையில் 1,000 வெள்ளி, 2019 இல் 1,100, 2022 மே மாதத்தில் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700 என்று தொகை ஏறியிருக்கிறதென்றால், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பின்னால் ஓர் ஆட்சியின் தேர்தல் கணக்கும் இருந்தது என்பதை மறுக்கமாட்டேன். ஆயினும் கணக்குப் போடும்படி அவர்களைக் கட்டாயப்படுத்திய நாட்காட்டி அந்த வரியில்தான் இருந்தது.

கூட்டமும் அந்த நாட்காட்டியும் சேர்ந்து வேலை செய்ததை 2018 இல் பார்த்தோம். அடுத்த ஜனவரி முதல் 1,050 வெள்ளி என்று செப்டம்பரில் புதிய அரசாங்கம் அறிவித்தது. ஐம்பது வெள்ளி ஏற்றத்தை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியுமா என்று தொழிற்சங்கங்கள் தெருவுக்கு வந்தன. நவம்பரில் வரவு செலவுத் திட்டம் தாக்கலானபோது தொகை 1,100 ஆகியிருந்தது. மேலும் ஐம்பது வெள்ளி. துப்புரவு வேலை செய்யும் ஒருவருக்கு அது ஒரு மாதப் பேருந்துச் செலவு. ஆணை இன்னும் நடப்புக்கு வராத அந்தச் சில வாரங்களுக்குள் நெருக்கியதால்தான் அது கிடைத்தது. ஜனவரி கடந்த பிறகு அதே கூட்டம் திரண்டிருந்தால் அடுத்த மறுபரிசீலனைவரை காத்திருக்கச் சொல்லியிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் அலுவலகத்தில் நான் அன்றாடம் பார்ப்பது அதைத்தான். சட்டம் வந்துவிட்டது என்று இயக்கம் மகிழ்ந்து கலையும் நேரத்தில், முதலாளிகளின் அமைப்புகள் சட்டத்தின் சொற்களுக்குள் இறங்கி வேலையைத் தொடங்குகின்றன. முதல் ஆணையோடு வந்த வழிகாட்டி, சில அலவன்ஸ்களை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிட வழிவிட்டது. அதனால் 900 வெள்ளி என்று சீட்டில் அச்சாகியும் கைக்கு வந்த மொத்தத் தொகை மாறாதவர்களை நான் அறிவேன். ஒரு பாதுகாவலர் தன் டிசம்பர் மாதச் சீட்டையும் ஜனவரி மாதச் சீட்டையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். டிசம்பரில் அடிப்படைச் சம்பளம் 650, வருகை ஊக்கத்தொகை 150, பயணப்படி 100. ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 900, மற்ற இரண்டு வரிகளிலும் வெறும் கோடு. “ஏறியிருக்கா, இல்லையா, நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் இரண்டு சீட்டுகளையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவில் இருக்கிறது.

ஓட்டல் தொழிலில் இது இன்னும் நீண்டது. விருந்தினர் கட்டும் பத்து விழுக்காட்டுச் சேவைக் கட்டணம் கூட்டு ஒப்பந்தத்தின்படி ஊழியர்களுக்குப் பகிரப்படுவது. அந்தப் பணத்தையே எடுத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பலாம் என்று சில ஓட்டல்கள் வாதிட்டன. ஓட்டல் ஊழியர் சங்கம் அதை ஒப்பவில்லை. தொழில் நீதிமன்றத்தில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறிய வழக்கில், சேவைக் கட்டணம் ஊழியர்களுக்குரியது, அதைக் கொண்டு சம்பளத்தை நிரப்ப முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021 இல்தான் முடிவாகச் சொன்னது. 2013 இல் வந்த ஆணையின் ஒரு சொல்லுக்கு 2021 இல் பொருள் கிடைத்தது. அந்த எட்டு ஆண்டுகளில் ஊர்வலம் எதுவும் செய்தியாகவில்லை. கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றப் படியேறிய சில சங்கப் பொறுப்பாளர்கள்தான் அதை நடத்தி முடித்தார்கள். அவர்களுக்கு மாலை மரியாதை எதுவும் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை, நடந்திருக்க வேண்டும்.

வீட்டுப் பணிப்பெண்கள் இன்றும் அந்த ஆணைக்கு வெளியே இருக்கிறார்கள். 2022 இல் 1,500 வெள்ளி வந்தபோது ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருப்போருக்கு முதலில் 2023 ஜனவரிவரையும் பின்னர் ஜூலைவரையும் தவணை கிடைத்தது. யாரோ ஒரு தரப்பு அறையில் உட்கார்ந்து கேட்டதால் அது கிடைத்தது; அந்தச் சிறு கடைகளில் வேலை செய்பவர்களுக்காகப் பேச அந்த அறையில் ஆள் இருந்ததா என்பதுதான் என் கேள்வி. முதலாளிகளின் அமைப்புகள்மீது எனக்குக் கோபமில்லை. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பு நிதியமைச்சு நடத்தும் கலந்துரையாடல்களுக்கு அவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. எந்த விதியில் எந்தச் சொல் மாற வேண்டும் என்று எழுதிய தாளோடு போகிறார்கள். அந்தப் பழக்கத்தை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

2007 நவம்பர் 25 பற்றிப் பேசாமல் இந்தப் பொருளைக் கடந்து போக நம்மில் எவராலும் முடியாது. மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக எழுந்த இண்ட்ராப் இயக்கம் அன்று ஊர்வலமாகப் போய்ப் பிரிட்டிஷ் தூதரகத்தில் கொடுக்கவிருந்த மனுவில் அப்பாவும் கையெழுத்திட்டிருந்தார். அது அவர் வாழ்க்கையின் இரண்டாவது மகஜர். நான் அன்று காலை ஜாலான் அம்பாங் பக்கம் போயிருந்தேன். கண்ணீர்ப்புகையும் இரசாயனம் கலந்த தண்ணீரும் பீய்ச்சப்பட்டபோது, பத்துமலையிலிருந்து விடிய விடிய வந்திருந்த ஒரு முதியவர் செருப்பைத் தொலைத்துவிட்டு, நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “நான் ஒண்ணும் திருட வரலையே தம்பி” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே நின்றார். அன்று திரண்ட ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் அதற்கு முன் எந்த ஊர்வலத்தையும் கண்டிராதவர்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

அதன் விளைவுகளை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். உடனே கிடைத்தவை ஒரு வகை. இரண்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில், 2008 ஜனவரியில், கோலாலம்பூர், புத்ராஜெயா கூட்டரசுப் பிரதேசங்களில் தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை என்று பிரதமர் அப்துல்லா படாவி அறிவித்தார். மார்ச் 8 தேர்தலில் ஆளும் கூட்டணியான தேசிய முன்னணி 1969 க்குப் பிறகு முதல் முறையாக மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது; பினாங்கு, சிலாங்கூர், பேராக், கெடா ஆகியவை கைமாறின, கிளந்தான் எதிர்க்கட்சியிடமே நீடித்தது. பிறகு வந்த ஆண்டுகளில் தமிழ்ப்பள்ளிகளுக்கான ஒதுக்கீடும், பல்கலைக்கழகத்துக்கு முந்திய மெட்ரிகுலேஷன் கல்வியில் இந்திய மாணவர்களுக்கான இடங்களும் கூடின. இவை சிறியவை அல்ல. மெட்ரிகுலேஷன் வழியாகப் போய் இன்று மருத்துவராக இருக்கும் பிள்ளைகளை நம் குடும்பங்களிலேயே பார்க்கிறோம்.

கிடைக்காதவை மற்றொரு வகை. வேலை, கல்வி, வீடு, ஆவணம் என்று அந்த இயக்கம் எழுப்பிய அடிப்படைக் கேள்விகளுக்கு விடையளிக்கும் சட்டம் எதுவும் வரவில்லை. கேட்ட ஐந்து தலைவர்கள் அந்த டிசம்பரிலேயே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். 2013 தேர்தலுக்கு முன் தேசிய முன்னணியோடு இயக்கத்தின் ஒரு பிரிவு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்து, அதன் தலைவர் வேதமூர்த்தி துணையமைச்சரானார். ஒப்பந்தம் நிறைவேற்றப்படவில்லை என்று அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பதவி விலகினார். இந்தியர் மேம்பாட்டுக்கென்று அமைக்கப்பட்ட செடிக், பின்னர் மித்ரா ஆனது. அமைச்சு மாறியது, பொறுப்பாளர்கள் மாறினார்கள். அறிவிப்பினால் வந்ததை அறிவிப்பினால் மாற்ற முடியும். தைப்பூச விடுமுறைக்கு ஒரு கையொப்பம் போதும். சிவப்பு அடையாள அட்டைக்காரரின் (பிரஜாவுரிமை இல்லாத நிரந்தரவாசியின்) பேரப்பிள்ளைக்குப் பிரஜாவுரிமை தர அரசமைப்புச் சட்டத்தின் பிரிவைத் தொட வேண்டும். பயந்துபோன அரசாங்கம் முதலில் கையில் அகப்படுவதைத்தான் எடுத்துக் கொடுக்கும் என்பதை அன்று நாங்கள் உணர்ந்திருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்று, வாக்களிக்கும் வயதை 21 இலிருந்து 18 ஆகக் குறைத்த உண்டி 18 இயக்கம். அதை 2016 இல் தொடங்கியவர்கள் மாணவர்கள். அவர்களிடம் பணமும் இல்லை, பெருங்கூட்டமும் இல்லை. அவர்கள் கேட்டது அரசமைப்புச் சட்டத்தில் ஓர் எண்ணை மாற்றுவதுதான். அதற்கு மக்களவையின் 222 உறுப்பினர்களில் 148 பேர் வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு, ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்று பாராமல் இரு தரப்பினரையும் சந்தித்தார்கள். 2019 ஜூலை 16 அன்று மக்களவையில் 211 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. அதற்குப் பிறகும் கதை முடியவில்லை. நடைமுறைப்படுத்துவதைத் தள்ளிப்போட முயன்றபோது இளைஞர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 டிசம்பருக்குள் செய்து முடிக்குமாறு கூச்சிங் உயர்நீதிமன்றம் உத்தரவிட, டிசம்பர் 15 அன்று சட்டத்திருத்தம் நடப்புக்கு வந்தது. என் மகள் தன் பதினெட்டாம் வயதில், யாரிடமும் போய்ப் பதிவு செய்யாமல், தன் பெயரை வாக்காளர் பட்டியலில் கண்டதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

நேர்மையான தேர்தல் கேட்டு நடந்த பெர்சே ஊர்வலங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். 2011 ஜூலை 9 ஊர்வலத்துக்குப் பிறகு தேர்தல் சீர்திருத்தத்துக்கான நாடாளுமன்றத் தேர்வுக்குழு அமைந்தது. அழியா மை 2013 பொதுத்தேர்தலில் முதல் முறையாகப் பயன்பட்டது. ஆனால் அந்த மை பலருடைய விரலில் சில மணி நேரத்தில் அழிந்துபோனது. மை வேண்டும் என்று கேட்டோம். அது எத்தனை நாள் நிற்க வேண்டும், அதை யார் சோதிப்பது என்று கேட்டுப் பெறவில்லை.

சொற்களின் போரில் மிகவும் வருந்தத்தக்கது காவல்துறை ஆணையத்தின் கதை. தடுப்புக் காவலில் இறந்த நம் பிள்ளைகளின் தாய்மார் பத்திரிகையாளர் முன் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். போலீஸ் புகார்களையும் முறைகேடுகளையும் விசாரிக்கும் சுயேச்சை ஆணையம் ஒன்றை அமைக்க வேண்டும் என்று அரச விசாரணை ஆணையமே 2005 இல் பரிந்துரைத்தது. காவல்துறைக்குள்ளிருந்து எழுந்த எதிர்ப்புக்கு முன்னால் ஆட்சிக்குப்பின் ஆட்சி தயங்கியது. 2019 இல் வந்த மசோதா ஆட்சி கவிழ்ந்ததோடு போயிற்று. 2022 இல் நிறைவேறி 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த சட்டத்தில் ஆணையத்தின் பெயரிலிருந்து ‘புகார்’, ‘முறைகேடு’ என்ற சொற்கள் நீங்கி ‘நடத்தை’ என்ற சொல் மட்டும் மிஞ்சியது. ஆணையம் விசாரிக்கலாம், தண்டனை நடவடிக்கையோ காவல்துறையின் ஒழுங்கு அமைப்பின் கையிலேயே இருக்கிறது. மக்கள் பதினெட்டு ஆண்டுகள் கேட்டார்கள். அரசாங்கத்துக்கு உள்ளேயே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் ஓர் அமைப்புக்கு மகஜர் கொடுக்க வேண்டிய தேவையே வரவில்லை.

பினாங்குக்காரர்கள் இந்த வித்தையில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள் என்பது என் கருத்து. 1969 இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை, தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த எஸ். எம். முகமது இத்ரிஸ், 2019 இல் மறையும்வரை நடத்தினார். வருகிற ஒவ்வொரு புகாரையும் பதிந்து, தேதியிட்டு, சம்பந்தப்பட்ட இலாகாவுக்கு எழுதி, பதில் வராவிட்டால் மறுபடி எழுதுவது என்ற அந்தச் சங்கத்தின் பழக்கத்தில் வளர்ந்த ஊர் அது. தென் பினாங்குக் கடலில் மூன்று தீவுகளை மண்கொட்டி உருவாக்கும் திட்டத்தை அங்குள்ள மீனவர்கள் எதிர்த்தபோது, ஆர்ப்பாட்டத்தோடு நிற்காமல், சுற்றுச்சூழல் தரச் சட்டம் தந்திருந்த மேல்முறையீட்டு உரிமையையும் பயன்படுத்தினார்கள். சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கைக்குக் கொடுத்த ஒப்புதலை மேல்முறையீட்டு வாரியம் 2021 செப்டம்பரில் இரத்துச் செய்தது. திட்டம் அதோடு சாகவில்லை. புதிய அறிக்கை வந்து 2023 இல் ஒப்புதலும் பெற்றது. ஆயினும் மூன்று தீவுகள் ஒன்றாகக் குறைந்தன. கடலில் வலை வீசுகிறவர்களின் ஆட்சேபத்துக்கு எழுத்தில் பதில் சொல்லும்படி ஒரு வாரியம் நிர்ப்பந்திக்கப்பட்டதை என் அப்பா பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அதே பினாங்கில் 2009 இல் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டதையும் நான் மறக்கவில்லை. மாடு வளர்த்துப் பால் ஊற்றிப் பிழைத்த அந்தத் தமிழ்க் கிராமத்துக்கு ஆதரவாக நாடே பேசியது. ஆனால் நிலம் கைமாறி, உரிமைப் பத்திரம் வேறொருவர் பெயருக்குப் போன பிறகுதான் நாடு பேசத் தொடங்கியது. உயர்நீதிமன்றத்தில் வென்ற மக்கள் மேல்முறையீட்டில் தோற்றார்கள். எந்தத் தாள் எந்த மேசையில் எப்போது இருக்கிறது என்பதை அறியாமல் இருப்பதன் விலை அது.

இப்போது நாங்கள் சிலர் செந்தூலில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, ஆவணம் இல்லாதவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறோம். போன மாதம் வந்த ஓர் அக்கா, நெகிழிப் பைக்குள் இன்னொரு நெகிழிப் பை, அதற்குள் செய்தித்தாள், அதற்குள் ஐந்து விண்ணப்ப ரசீதுகள் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். சிவப்பு அடையாள அட்டை. பிறந்தது தோட்ட லயத்தில். பிரசவம் பார்த்த மருத்துவச்சி இறந்து போனார். பிறப்பைப் பதிந்தபோது அவருக்கு வயது ஒன்பது. ஐந்து முறை விண்ணப்பித்து, காரணம் சொல்லாத மறுப்புக் கடிதம் மூன்று முறையும், ஒன்றுமே இல்லாமல் இரண்டு முறையும் முடிந்திருக்கிறது. இப்படிப்பட்டவர்களின் பெயரால் பேசிய அமைப்புகள், 2024 இல் பிரஜாவுரிமைத் திருத்தம் வந்தபோது, நாடாளுமன்ற உறுப்பினர்களை ஒருவர் ஒருவராகப் பார்த்து விளக்கின. கண்டெடுக்கப்படும் குழந்தைகளின் தானியங்கிப் பிரஜாவுரிமையைப் பறிக்கவிருந்த பகுதியை அரசாங்கம் மார்ச் மாதம் கைவிட்டது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார், தம் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கேட்டுப் பல ஆண்டுகள் நடத்திய வழக்கும் பிரசாரமும் கனிந்து, அக்டோபர் 17 அன்று 206 வாக்குகளோடு திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. அதே திருத்தத்தில், இங்கே பிறக்கும் நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கு இருந்த தானியங்கி உரிமை நீக்கப்பட்டது. சிவப்பு அட்டை வைத்திருக்கும் நம் ஆட்களை அது நேராகத் தொடுகிறது. அந்த ஒரு சொல்லுக்காகப் போராட நம் பக்கத்தில் போதிய ஆள் இருக்கவில்லை என்பதை வருத்தத்தோடு எழுதுகிறேன்.

குறைந்தபட்சச் சம்பளத்தின் அடுத்த மறுபரிசீலனைக்குக் கொடுக்க ஒரு தொகுப்பைத் தயார் செய்து வருகிறோம். பாதுகாவலர், துப்புரவுப் பணியாளர், உணவகப் பணியாளர் ஆகியோரின் சம்பளச் சீட்டுகளில் எந்த அலவன்ஸ் எந்த மாதம் மறைந்தது என்பதை வரிசைப்படுத்தி, ஆணையின் எந்த வரியில் எந்தச் சொல் சேர வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். இதுவரை நாற்பத்தோரு பேரின் சீட்டுகள் வந்துள்ளன. 2025 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஆகிய மூன்று மாதங்களின் சீட்டுகளை வைத்திருப்பவர்கள் மூலப்படியையே எடுத்து வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுவோம். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மறைத்துவிட்டுத்தான் தொகுப்பில் சேர்ப்போம். கையொப்பமிடும் முன் ஒவ்வொருவருக்கும் முழுத் தாளையும் தமிழில் வாசித்துக் காட்டுவேன். கைநாட்டு வைப்பவர்களுக்கு இரண்டு முறை வாசிப்பேன்.